நர்மதா அரையிறுதிக்கு வந்த விதம்

என் மனைவி நர்மதா, இறந்து ஐந்து மாதம் கழித்து, பாலக்காடு–இடுக்கி மண்டல சாம்பியன்ஷிப்பில் அரையிறுதிக்கு முன்னேறினாள். இதில் எனக்குப் பங்கு இருப்பதாகப் போட்டியை நடத்தும் சம்மேளனம் சந்தேகப்படுகிறது. அந்தச் சந்தேகம் பாதி சரி. மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ட்ரகோரா. சீட்டு ஆடுவது என்றால் எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பும் போலீஸ் ஜீப்பும்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. படம் போட்ட கார்டுகளை வருடக்கணக்கில் தேடிச் சேர்த்து, வேண்டாததை மாற்றிக்கொண்டு, அறுபது கார்டில் ஒரு கட்டு அமைக்க வேண்டும். கட்டுக்கு டெக் என்று பெயர். நம் டெக்கை எதிராளியின் டெக்கோடு மோதவிடுவதுதான் ஆட்டம். பாலக்காட்டுச் சித்தூரில் நஸ்ரினின் ஃபேன்சி கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்கள். நூலகத்தில் வேலை பார்த்த நர்மதா அங்கேதான் பழகினாள். தன் டெக்கைச் சேர்க்க அவளுக்கு மூன்று வருடம் ஆனது. எனக்கும் கற்றுத் தருவதாகப் பலமுறை கூப்பிட்டாள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று பலமுறை சொன்னேன். கால்வாயில் எங்கள் முறை வாரத்துக்கு இரண்டு நாள்தான். அது அவளுக்கும் தெரியும்.

இந்த விளையாட்டில் கடை, தாலுகா, மாவட்டம், மண்டலம் என்று தொடங்கி உலகம் வரை ஏழு படிகள் இருக்கின்றன. மே மாதம் மாவட்டப் போட்டியில் நர்மதா இரண்டாவதாக வந்தாள்; நஸ்ரினும் தேர்வானாள். அப்படித் தேர்வானவர்களின் டெக்கைச் சம்மேளனம் பெட்டியில் போட்டு, சீல் வைத்து, வாங்கிக்கொள்ளும். மண்டலப் போட்டிவரை யாரும் கார்டை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இதற்கு உறைநிலை என்று பெயர். ஆறு மாதம் டெக் பத்திரமாக இருக்கும். ஆட்டக்காரரைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

ஜூனில் டெங்கு வந்தது. ஒன்பது நாள். ஏழாம் நாள் நர்மதா சொன்னாள்: "அந்த டெக்க வாங்கி நஸ்ரின்கிட்டக் குடுத்துருங்க. நீங்கன்னா பரண்ல தூக்கிப் போட்டுருவீங்க." வேறு எதையும் யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை.

சம்மேளனத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒரு பதில் வந்தது. டெக், மண்டலப் போட்டி அரங்கில், ஆட்டக்காரர் கையில் மட்டுமே வழங்கப்படும். அன்று மாலைக்குள் பெற்றுக்கொள்ளாத டெக்குகள், போலிகள் பரவுவதைத் தடுக்கும்பொருட்டு, இயந்திரத்தில் வெட்டப்படும். கீழே, தங்கள் ஆட்டம் சிறக்க வாழ்த்துகள் என்று அச்சிட்டிருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிறு, சித்தூருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். சம்மேளனத்தின் வரைபடத்தில் தொட்டுக்கொண்டிருந்தன. இடுக்கிப் பக்கத்துக் காந்தலூர்க்காரர்கள் சின்னார் சோதனைச்சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக மறுபடியும் கேரளத்துக்குள் நுழைந்து வந்திருந்தார்கள். வாசலில் அவர்களிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டது: 'பயணத்தின்போது மண்டல எல்லையை விட்டு வெளியேறவில்லை என உறுதி கூறுகிறேன்.' எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துகளை ஒரு பெண் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்த்தாள்.

அவள் பெயர் மௌனிகா. பதிவு மேசை அவளுடையது. நான் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க?"

"எம்பட சம்சாரமுங்க. ஜூன்ல தவறிட்டா. டெக்க வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"ஆட்டக்காரர் கைலதானுங்க குடுப்போம்."

"அவ வர முடியாதுங்களே."

"அப்ப விலகல் சீட்டு குடுக்கோணும். குடுத்தாத்தான் டெக்கு வெளிய வரும்." ஒரு தாளை எடுத்து வைத்தாள். "கீழ அவங்க கையெழுத்து. காரணத்துல ஒண்ண டிக் பண்ணுங்க. ஒடம்பு சரியில்ல, பிரயாணம், விருப்பமில்ல. இதுல எதுங்க?"

மூன்றில் எது என்று நான் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கையெழுத்து இல்லாததால் சீட்டு செல்லாது. விலகாதவர்கள் எல்லாரும் வந்தவர்கள். மௌனிகா நர்மதாவின் பெயருக்கு நேரே 'ஹாஜர்' என்று எழுதினாள். எனக்குப் பார்வையாளர் அட்டை ஒன்றும், தொண்ணூற்று நாலு பக்க விதிப்புத்தகம் ஒன்றும் கொடுத்தாள்.

மண்டலச் செயலாளர் பூபதிராஜாவிடம் போனேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். தோளில் கை போட்டுப் பேசினார்.

"ஏனுங்க தங்கதுரை, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நாங்க தனியா யாரையும் சந்தேகப்படறதில்லீங்க. எல்லாத்தையும் ஒரே மாதிரி சந்தேகப்படறோம். அதுல ஏழ, பணக்காரன், உசுரோட இருக்கறவங்க, இல்லாதவங்கன்னு பாகுபாடே கெடையாது."

"சான்றிதழ் பஞ்சாயத்துல குடுத்ததுங்க."

"போன வருசம் ஒருத்தரு இதே மாதிரிதான். செத்துட்டேன்னு சர்டிபிகேட்டக் குடுத்து டெக்க வாங்கிட்டுப் போனாரு. அடுத்த வாரமே இன்னொரு மண்டலத்துல ஆடி செயிச்சுப்போட்டாரு."

"சர்டிபிகேட்ட யாருங்க கொண்டாந்தது?"

"அவரேதான். நேர்ல வந்து குடுத்ததுனால எங்களுக்குச் சந்தேகமே வரலீங்க. அதுக்கப்பறந்தான் விதிய மாத்தினோம்."

பிறகு மேடையேறித் தொடக்கவுரை ஆற்றினார். "இது சுவிஸ் முறை. இதுல தோக்கறவங்கள வெளிய அனுப்பற வழக்கமில்லீங்க. செயிச்சவங்க செயிச்சவங்களோட ஆடுவாங்க, தோத்தவங்க தோத்தவங்களோட. சாயங்காலம் வரைக்கும் தோத்துட்டே இருக்கலாம். செயிக்கறது பெருசில்ல. செயிச்சது நீங்கதான்னு எங்களுக்கு நிரூபிக்கறதுதான் பெருசு." கைதட்டினார்கள். தட்டியவர்களின் சட்டைக் கைகளை, உள்ளே கார்டு இருக்கிறதா என்று, நடுவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு சுற்றுகள். முதல் நான்கு பேருக்கு அரையிறுதி. மாவட்டத்தில் முதலிரண்டு இடம் பெற்றவர்களுக்கு முதலிரண்டு சுற்றில் எதிராளி கிடையாது, ஆடாமலே வெற்றி. பதினோரு மணிக்குச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். நர்மதா ஆறு புள்ளியுடன் மூன்றாம் இடத்தில் இருந்தாள்.

மூன்றாம் சுற்றில் அவளுக்கு எதிரே கருப்புசாமி உட்கார்ந்தார். காந்தலூரில் கேரட் போட்டிருப்பவர். நான் பக்கத்தில் நின்று விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். பத்து நிமிடத்தில் இருக்கைக்கு வராதவர் தோற்றவர் என்று முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. மூன்று முறை வராதவர் தானாக விலகியவர். எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடம் ஆனதும் நடுவரைக் கூப்பிட்டேன்.

தலைமை நடுவர் இன்னாசிராஜ் வந்தார். இடுக்கியில் பள்ளிவாசல் என்ற ஊர்க்காரர். கறுப்புச் சட்டை, மெதுவான நடை.

"தாமதம்னா தோல்விதாம்ணே. ஆனா இவங்க தாமதம் கெடையாதே."

"ஆளே இல்லீங்களே."

"டெக் எங்க கையிலல்லா இருக்கு. டெக் நடுவர்கிட்ட இருக்குற வரைக்கும் ஆட்டக்காரர் பரிசோதனையில இருக்காருன்னு அர்த்தம். தாமதம் எங்க பக்கம். எங்க தாமதத்துக்கு அவங்களத் தண்டிச்சா நியாயமா இருக்குமா?"

"அப்ப டெக்கக் குடுத்துருங்க."

"அவங்க கையிலதான் குடுக்க முடியும்."

"அவ வந்தாத்தான் டெக்கு. டெக்கக் குடுத்தாத்தான் அவ வரலைன்னு ஆகும்."

"புரிஞ்சிக்கிட்டிய," என்றார் இன்னாசிராஜ். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "சில நடுவர்களுக்கே இது புரிய ரெண்டு வருசம் ஆச்சு."

பரிசோதனை முடியும்வரை எதிராளி இருக்கையை விட்டு எழக் கூடாது. கருப்புசாமி முக்கால் மணி நேரம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய கேரட் லாரியைச் சின்னாரில் நிறுத்திவிட்டதாகப் போன் வந்தது. எழுந்து நான்கு அடி நடந்தார். அவ்வளவுதான். நர்மதாவுக்கு மூன்று புள்ளி.

"ஒங்க வீட்டுக்காரம்மா பலே ஆளு," என்றார் என்னிடம். "உக்காராமலே அடிச்சுப்புட்டாகளே."

நான்காம் சுற்றில் பாலக்காட்டு ஜவுளிக்கடைக்காரர் அஜ்மல். அரை மணி நேரம் பொறுமையாக இருந்தார். பிறகு, "வெறும் நாற்காலியோட ஆடறதுக்கா கடையப் பூட்டிட்டு வந்தேன்?" என்று பொதுவாகக் கேட்டார். எதிராளியை நாற்காலி என்று இழிவாகப் பேசிய குற்றத்துக்காக அவருக்குத் தோல்வி வழங்கப்பட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

பன்னிரண்டு புள்ளியுடன் நர்மதா முதலிடத்துக்கு வந்துவிட்டாள்.

மதியத்துக்குப் பிறகு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒருவர் என்னிடம், "எந்தக் கோயில்ல மந்திரிச்சு வாங்கினீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்று கேட்டார். ஐந்தாம் சுற்றிலும் ஆறாம் சுற்றிலும் வந்த எதிராளிகள் உட்காரும் முன்பே சமன் கேட்டார்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் ஆடாமலே ஆளுக்கொரு புள்ளி பிரித்துக்கொள்ளலாம், அதுவும் விதியில் இருக்கிறது. கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினார்கள். இன்னாசிராஜ் நாற்காலியிடம் மூன்று முறை சம்மதமா என்று கேட்டார். மறுப்பு வரவில்லை என்று எழுதிக்கொண்டார். ஆறாம் சுற்றுக்காரர் நீட்டிய கையைப் பிறகு வெகுநேரம் கர்சீப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கே ஒரு சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது. நர்மதா இருந்த காலத்தில் சம்மேளனம் அவளை இப்படிக் கொண்டாடியதில்லை. தாலுகா போட்டியில் அவள் கார்டு உறைகளின் பளபளப்பு சரியில்லை என்று இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தவர்கள் இவர்கள். இப்போது பூபதிராஜா மைக்கைப் பிடித்து அவளை எல்லாருக்கும் உதாரணம் காட்டினார். "காலைல இருந்து ஒரு புகாருங்களா, ஒரு மேல்முறையீடுங்களா, நடுவரப் பாத்து ஒரு மொறைப்புங்களா? இப்பிடி ஆட்டக்காரங்க நூறு பேரு கெடைச்சா இந்தச் சம்மேளனம் எங்கியோ போயிரும்."

அரையிறுதிப் பட்டியல் ஒட்டினார்கள். நர்மதாவுக்கு எதிரே நஸ்ரின்.

நஸ்ரின் மேசைக்கு வந்து, தன் டெக்கை வைத்து, எதிர் நாற்காலியைச் சற்றுச் சரியாக இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜூனுக்குப் பிறகு அவளும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பேசினால் டெக்கைப் பற்றி வரும்.

மேடையில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மௌனிகா பழைய பட்டியல்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். நன்றாக வெட்டியது. நர்மதாவின் பெட்டி அதற்கு அருகிலேயே, சீல் உடையாமல் இருந்தது.

"நான் எந்திரிச்சா நர்மதாக்கா ஃபைனல் போயிரும்," என்றாள் நஸ்ரின், என்னைப் பார்க்காமல். "எந்திரிக்கலன்னா இருட்டுற வரைக்கும் இப்பிடியே. ரெண்டுலயும் அந்தப் பெட்டி மெசினுக்குள்ளதாண்ணா போகுது."

பூபதிராஜா என்னை ஓரமாக அழைத்துப்போனார். அன்று முழுவதும் அவர் குரலில் இல்லாத இரக்கம் இப்போது இருந்தது.

"ஒரு வழி இருக்குதுங்க. தகுதி நீக்கம். ஏமாத்தினவங்க டெக்க நாங்க மண்டபத்துக்குள்ளயே வெச்சுக்க மாட்டோம். பத்து நிமிசத்துல யார் கைலயாச்சும் குடுத்து வெளிய தள்ளிருவோம். கையெழுத்தெல்லாம் யோக்கியமானவங்க டெக்குக்குத்தான்." வெள்ளைத்தாளையும் தன் மூன்று பேனாவில் ஒன்றையும் கொடுத்தார். "கார்டுல நெகத்துல கீறி அடையாளம் வெச்சிருந்தான்னு ரெண்டு வரி எழுதுங்க. புருசன் சொன்னா நாங்க நம்பிருவோம்."

"செத்துட்டான்னு சொன்னேன், நம்பலீங்களே."

"அது வேறங்க. நல்லதச் சொன்னாத்தான் நாங்க விசாரிப்போம்."

செத்துப்போனதில் நல்லது எது என்று நான் கேட்கவில்லை. பேனாவைத் திறந்தேன். 'என் மனைவி நர்மதா' என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் போகவில்லை. ஒருமுறை நஸ்ரினின் கடையில் எதிராளி தனக்கு வர வேண்டிய ஒரு புள்ளியை எண்ண மறந்துவிட்டான். நர்மதா ஞாபகப்படுத்தினாள். அந்தப் புள்ளியால் தோற்றாள். வீட்டில் நான் சிரித்தபோது, "அவன் மறந்ததுல நான் செயிச்சா, ராத்திரி நான் என்னத்த நெனைச்சுட்டுப் படுக்கறது?" என்றாள். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டார்.

காலையிலிருந்து செய்ய வேறொன்றும் இல்லாமல் அந்தத் தொண்ணூற்று நாலு பக்கத்தையும் படித்திருந்தேன். எழுபத்தெட்டாம் பக்கத்தில் வெளியுதவி என்றொரு தலைப்பு. பார்வையாளர் எவராவது ஆட்டக்காரரிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் அவர் வெளியேற்றப்படுவார். பேசியவர் ஆட்டக்காரரின் குடும்பத்தாராக இருந்தால், ஆட்டக்காரர், உதவி கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், தகுதி நீக்கம் செய்யப்படுவார். குற்றம் பேசியவருடையது என்று பதிவாகும்.

நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நர்மதா," என்றேன். அவளைக் கூப்பிடுவதற்காக அந்தப் பெயரைச் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மற்ற மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். "மூணாவதா இருக்கற கார்டப் போடு."

இன்னாசிராஜ் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தி வந்தார். "என்னண்ணே சொன்னிய இப்போ?"

"எம்பட சம்சாரத்துக்கு யோசன சொன்னேனுங்க."

"மூணாவது கார்டுன்னா எது?"

"அவளுக்குத் தெரியுமுங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். விதிப்புத்தகத்தை வாங்கி எழுபத்தெட்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "கேட்டிருந்தாலும் கேக்காட்டாலும்னு இருக்கு, சரிதான். ஆனா அடியில குறிப்பு ஒண்ணு கெடக்கு பாருங்க. பேச்சு ஆட்டக்காரர் காதுல விழுந்துச்சுங்கிறதுக்கு ஒரு சாட்சி வேணும். இல்லன்னா இது உதவி கெடையாது, வெறும் பேச்சு."

பூபதிராஜாவும் வந்துவிட்டார். மூவரும் நாற்காலியைப் பார்த்தோம். யாருக்கும் அவசரம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"எதிராளி சாட்சி செல்லும்," என்றார் இன்னாசிராஜ்.

நஸ்ரின் தன் கையிலிருந்த ஏழு கார்டையும் கவிழ்த்து வைத்தாள்.

"விழுந்துச்சு," என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"திரும்பிப் பாத்து சிரிச்சுச்சு. அண்ணன் ஆட்டத்தப் பத்தி வாயத் தொறந்தா நர்மதாக்கா எப்பவும் சிரிக்கத்தான் செய்யும்."

இன்னாசிராஜ் அதை எழுதிக்கொண்டார். சிரித்தது ஒருமுறையா இருமுறையா என்று கேட்டார். ஒருமுறை என்றாள் நஸ்ரின். அதையும் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். எனக்கு ஏழு படிகளிலும் ஆயுள்தடை. மௌனிகா பெட்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்து, கடிகாரத்தைக் காட்டினாள்.

வெளிக்கதவுக்கு அப்பால் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். நஸ்ரின் இறுதிப் போட்டியில் சீக்கிரமே தோற்றுவிட்டு வந்தாள். பெட்டியைக் கொடுத்தேன். துப்பட்டா முனையில் வைத்துச் சுற்றிக்கொண்டாள். சித்தூர் பஸ் வரும்வரை இருவரும் பூபதிராஜாவைத் திட்டிக்கொண்டிருந்தோம். நெடுநாளைக்குப் பிறகு அப்படிப் பேசியது.

டிசம்பர் கடைசியில் நர்மதாவின் பெயருக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. தபால்காரர் ஒன்றும் கேட்காமல் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளியுதவி பெற்றதற்காக அவளுக்கு ஓராண்டுத் தடை. தடைக்காலத்தில் அவளுடைய பதினான்கு புள்ளிகளும் சம்மேளனத்தில் பாதுகாப்பாக இருக்கும். வரும் நவம்பர் பதினெட்டாம் தேதி முதல் அவள் முழுத் தகுதியுடன் மீண்டும் விளையாடலாம், அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும்.

ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், நூலகத்து வருகைப்பதிவேடு மூன்றிலிருந்தும் அவள் பெயரை இறந்த மாதமே எடுத்துவிட்டிருந்தார்கள்.

கடிதத்தை நஸ்ரினின் கடைக்கு எடுத்துப்போனேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரு மாதிரியாக என்னைப் பார்த்து, புது வருடக் காலண்டர் நாளைக்குத்தான் வருகிறது, வந்ததும் அந்தத் தேதியைக் குறித்து வைக்கிறேன் என்றாள். சரி என்றேன்.